மலைநாட்டுத் தண்ணீரில் மீன் தொட்டியை மறுபடி தொடங்குதல்

ஹட்டன் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரமான தொட்டி. எட்டுக் கப்பி, நான்கு மொலி, இரண்டு ஏஞ்சல். ஐந்து மாதம் பிரச்சினை இல்லை. தண்ணீர் குறையக் குறைய ஊற்றியிருக்கிறார், மாற்றியதே இல்லை. கடைசி ஒரு மாதமாக மொலிகள் ஒரே இடத்தில் நின்று உடம்பை ஆட்டிக்கொண்டிருந்தன. தீபாவளிக்கு முந்திய ஞாயிறு வீட்டைத் துப்புரவாக்கிய கையோடு தொட்டியையும் துப்புரவாக்கினார்: மூன்றில் இரண்டு பங்கு தண்ணீரை இறைத்தார், கல்லைக் கிளறினார், வடிகட்டியின் ஸ்பொஞ்சைக் குழாயடியில் பிழிந்தார், குழாய்த் தண்ணீரையே நிரப்பினார். திங்கள் காலை மீன்கள் மேலே வந்து வாய் பிளந்தன. புதன் மாலைக்குள் பதினான்கும் முடிந்தன. நத்தைகள் மட்டும் இன்றைக்கும் கண்ணாடியில் ஊர்கின்றன. "காரணமே தெரியவில்லை. இரண்டு மாதமாகத் தொட்டி அப்படியே கிடக்கிறது. எல்லாவற்றையும் பிளீச் போட்டுக் கழுவிவிட்டுப் புது மீன் வாங்கலாமா?" என்பது கேள்வி.

தம்பி, பிளீச் போத்தலை எடுத்த இடத்திலேயே வையுங்கள். மீன் கடைப் பக்கமும் இன்னும் ஒன்றரை மாதத்துக்குப் போக வேண்டாம். காரணம் தெரியவில்லை என்கிறீர்கள். உங்கள் கேள்விக்குள்ளேயே அது நாலைந்து இடத்தில் எட்டிப் பார்க்கிறது.

மீன் செத்தது என்று யாராவது சொன்னால், எத்தனை நேரத்தில் எத்தனை செத்தன என்றுதான் முதலில் கேட்பேன். வாரக்கணக்கில் ஒன்றொன்றாக மெலிந்து, முதுகு வளைந்து, புண் பிடித்துப் போனால் நோயைச் சந்தேகிக்கலாம். ஒன்றிரண்டு மணித்தியாலத்தில் எல்லாமே தாறுமாறாகப் பாய்ந்து, தலைகீழாகச் சுழன்று விழுந்தால் நஞ்சு. ஒரு வேலையைச் செய்த மறுநாள் தொடங்கி, இரண்டு மூன்று நாளில் தொட்டி காலியானால் அந்த வேலையைத்தான் கூண்டில் ஏற்ற வேண்டும். உங்களுடையது மூன்றாவது வகை.

கேத்தலைத் திறந்து உள்ளே பாருங்கள். பளிச்சென்று இருக்கும். யாழ்ப்பாணத்தில் உறவினர் இருந்தால் அவர்கள் வீட்டுக் கேத்தலையும் ஒருமுறை பாருங்கள். அடியில் வெள்ளைப் படை ஒட்டியிருக்கும். அங்கே கிணறு சுண்ணாம்புக் கல்லில் வெட்டியது. நம்முடைய ஊற்றும் ஓடையும் கரையாத கரும்பாறையைக் கழுவிக்கொண்டு வருகின்றன. சவர்க்காரம் நன்றாக நுரைக்கும், தேநீர் நிறம் கொடுக்கும், குடிக்க இதைவிட நல்ல தண்ணீர் இல்லை. ஆனால் அதில் இருகாபனேற்று மிகக் குறைவு. மீன் தொட்டிக்கு இருகாபனேற்று சேமிப்புப் பணம் மாதிரி. ஒவ்வொரு நாளும் உருவாகும் அமிலத்தை அதுதான் அடைத்துக்கொண்டிருக்கிறது.

அமிலம் எங்கிருந்து வருகிறது? மீன் செவுள் வழியாக அமோனியாவை வெளிவிடுகிறது. மிஞ்சிய தீனியும் அமோனியாவாகிறது. ஸ்பொஞ்சிலும் கல்லிலும் குடியிருக்கும் பற்றீரியா அதை நைத்திரைற்றாகவும், பிறகு நைத்திரேற்றாகவும் மாற்றுகிறது. அந்த வேலைக்கு ஒரு விலை உண்டு: அமோனியாவிலுள்ள நைதரசன் ஒரு மில்லிகிராமுக்கு, கல்சியம் காபனேற்றுக் கணக்கில் ஏறக்குறைய 7 மில்லிகிராம் காரத்தன்மை, அதாவது அந்த இருகாபனேற்றுச் சேமிப்பு, தீர்ந்துபோகும். யாழ்ப்பாணத் தண்ணீரில் இது உறைக்காது. நம் தண்ணீரில் மாற்றாமல் ஐந்து மாதம் விட்டால் சேமிப்பு தீர்ந்து, அமிலத்தைக் காட்டும் எண்ணான பீ.எச். (அது குறையக் குறைய அமிலம் கூடும்) 6 வரைக்கும் அதற்குக் கீழும் இறங்கிவிடும். அந்த அமிலத்தில் பற்றீரியாவும் வேலையை ஏறக்குறைய நிறுத்திவிடும். அமோனியா சேரத் தொடங்கும்.

ஆனால் மீன் உடனே சாகாது. தண்ணீர் அமிலமாக இருக்கும்வரை அமோனியா பெரும்பாலும் அமோனியம் என்ற, அவ்வளவு கெடுதல் செய்யாத வடிவத்தில் கிடக்கும். 25 பாகை வெப்பத்தில், பீ.எச். 6இல் மொத்த அமோனியாவில் 0.06 சதவீதம்தான் நச்சு வடிவம். பீ.எச். 7இல் 0.6 சதவீதம். 8இல் 5 சதவீதத்துக்கும் மேல். ஒவ்வொரு படி ஏறவும் ஏறக்குறைய பத்து மடங்கு. நீங்கள் ஞாயிறன்று புதுத் தண்ணீரை ஊற்றியபோது பீ.எச். ஏறியது. அழுக்கில் மூன்றில் இரண்டு பங்கை வெளியே கொட்டிவிட்டீர்கள் என்பது உண்மைதான். மிஞ்சிய ஒரு பங்குக்குப் பல் முளைத்துவிட்டது.

அது மட்டுமென்றால் சில மீன்கள் தப்பியிருக்கும். குழாயடியில் ஸ்பொஞ்சைப் பிழிந்தபோது, தொட்டிக்குள் அமோனியாவைத் தின்ன இருந்த கொஞ்ச நஞ்சப் பற்றீரியாவும் வாய்க்காலோடு போய்விட்டது. கல்லைக் கிளறியதில் அடியிலிருந்த ஊத்தை முழுவதும் தண்ணீரில் கலந்தது. திங்களும் செவ்வாயும் அமோனியா ஏறிக்கொண்டே போயிருக்கும், போக இடமில்லை. இவற்றுக்கு மேல் குழாய்த் தண்ணீரின் குளிர். மொலிகள் ஒரு மாதமாக நின்ற இடத்தில் ஆடின என்று எழுதியிருக்கிறீர்களே, அது விளையாட்டல்ல. உப்பும் சுண்ணாம்பும் உள்ள தண்ணீரைக் கேட்கும் மீன், மென்மையான அமிலத் தண்ணீரில் அப்படித்தான் ஆடும். அது ஒரு மாதத்துக்கு முன்பே மணி அடித்திருக்கிறது.

உங்களைக் குற்றம் சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. நுவரெலியாவுக்கு மாற்றலாகி வந்த முதல் வருடம் நானும் இதே காரியத்தைச் செய்தேன், அதுவும் பிள்ளைகளுக்கு விஞ்ஞானம் படிப்பித்துக்கொண்டு. கண்டியில் பத்து வருடம் மீன் வளர்த்தவன் என்ற தைரியம். ஒரு ஜனவரி இரவு தொட்டியில் பாதியை மாற்றினேன்; விடியும்போது இருபத்திரண்டு மீன்கள் மிதந்தன. பாடசாலைக்கு லீவு போடவில்லை, ஆனால் அன்று யாரிடமும் அதிகம் பேசவில்லை.

இனி மற்றச் சந்தேகங்கள். தோட்டத்தில் இருக்கிறவர் இவற்றை ஒதுக்க முடியாது. தேயிலைக்குக் கொப்புள நோய் வரும் ஈரமான மாதங்களில் செம்பு சேர்ந்த மருந்து அடிப்பார்கள். 1946இல் அந்த நோய் இலங்கைக்கு வந்ததிலிருந்து செம்பு மலைநாட்டின் மருந்தாகிவிட்டது. தண்ணீர் எவ்வளவு மென்மையோ, செம்பு மீனுக்கு அவ்வளவு கொடிது. லீற்றருக்கு மில்லிகிராமின் சிறு பங்கே போதும். உங்கள் பீலிக்கு மேலேயுள்ள மலையில் மருந்தடித்த பிறகு மழை பெய்தால் சந்தேகிக்கத்தான் வேண்டும். உங்கள் வழக்கில் நத்தைகள் சாட்சி சொல்கின்றன: செம்பு வந்திருந்தால் மீனுக்கு முன்னால் அவை உதிர்ந்திருக்கும். களைக்கொல்லியும் அப்படியே ஓடைக்கு வரலாம். அந்தக் கலவையில் சேர்க்கும் சவர்க்காரம் போன்ற பொருள் செவுளைக் கெடுக்கும். ஆகவே மேல்மலையில் மருந்தடிக்கும் வாரத்தில் தண்ணீர் மாற்றாதீர்கள். என்றைக்கு அடிக்கிறார்கள் என்று கங்காணியிடம் கேட்டால் சொல்லிவிடுவார்.

நுளம்புச்சுருள், பூச்சி ஸ்பிறே இரண்டும் அறைக்குள் வேண்டாம். அவற்றிலுள்ள பைரித்ரொயிட் வகை மருந்து மனிதனுக்குச் சிறு விஷயம், மீனுக்குப் பெரும் விஷம். காற்று மோட்டார் அறைக் காற்றை இழுத்து நேரே தண்ணீருக்குள் ஊதுகிறது. தீபாவளிக்குச் சுவருக்குப் பெயின்ட் அடித்தீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. அடித்திருந்தாலும் என் தீர்ப்பு மாறாது, ஆனால் அடுத்த முறை மோட்டாரை வேறு அறையில் வைத்துக் குழாயை நீட்டுங்கள்.

குளோரீன் கொஞ்சம் யோசிக்க வேண்டிய விஷயம். நகரத்துக் குழாயில் எப்போதும் இருக்கும். தோட்டத்துத் தாங்கியில் சில நாள் ஒன்றுமே இருக்காது. மழைக்குத் தண்ணீர் கலங்கியதும், அல்லது வயிற்றோட்டம் பரவியதும், குளோரீன் தூளை அள்ளிக் கொட்டுவார்கள். "ஐந்து மாதம் இதே தண்ணீர்தான்" என்ற கணக்கு அதனால்தான் பிழையாகிறது. வாளியில் பிடித்து ஒரு நாள் முழுவதும் காற்றுக் குமிழ் விட்டால் போய்விடும். அவசரமென்றால் சோடியம் தயோசல்பேற்று: 10 கிராமை 100 மில்லிலீற்றர் தண்ணீரில் கரைத்து வைத்துக்கொண்டு, 10 லீற்றர் வாளிக்கு 2 மில்லிலீற்றர் விட்டால் வழமையான குளோரீனுக்குத் தாராளம்.

நோயைப் பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை. வெண்புள்ளி ஒட்டுண்ணி மீன் இல்லாமல் இரண்டு மாதம் தாக்குப் பிடிக்காது. புண்ணும் வளைந்த முதுகுமாக மாதக்கணக்கில் செத்திருந்தால் மீன் காசநோய் என்று பயந்து, கல்லையும் ஸ்பொஞ்சையும் எறியச் சொல்லியிருப்பேன். வெட்டுக்காயத்தோடு கையைத் தொட்டிக்குள் விட வேண்டாம் என்றும் சொல்லியிருப்பேன், அது மனிதத் தோலிலும் பிடிக்கும். உங்கள் மீன்களில் அந்த அடையாளம் ஒன்றும் இல்லை.

ஆகவே கழுவும் வேலை எளிது. தண்ணீரை முழுவதும் இறைத்து மரக்கறிப் பாத்திக்கு ஊற்றுங்கள். நத்தைகளை ஒரு வாளியில் வையுங்கள். கல்லை அரிசி களைவது போலத் தெளிந்த தண்ணீர் வரும்வரை களைந்தால் போதும். கண்ணாடிக்கு உப்பும் துணியும். சவர்க்காரம் கிட்டவும் வரக்கூடாது. இரண்டு மாதம் மின்சாரமில்லாமல் நாறிய ஸ்பொஞ்சில் நல்ல பற்றீரியா மிஞ்சியிருக்கும் என்று நம்ப வேண்டாம். கழுவி வையுங்கள், வீடாக மட்டும் பயன்படும்.

இப்போது தண்ணீர். குழாயிலிருந்து பிடித்த உடனே பீ.எச். பாருங்கள், அதே வாளியை ஓர் இரவு குமிழ் விட்டு வைத்து மறுநாள் மறுபடி பாருங்கள். ஊற்றுத் தண்ணீரில் காபனீரொட்சைட்டு கரைந்திருக்கும். அது வெளியேறியதும் பீ.எச். ஏறும். இரண்டாவது எண்தான் தொட்டிக்கு உண்மையானது. காகிதப் பட்டியைவிடத் துளி விடும் சோதனைப் பெட்டி நல்லது. அமோனியா, நைத்திரைற்று, பீ.எச்., காரத்தன்மை ஆகிய நான்கும் இருக்க வேண்டும். விலை ஏழெட்டு மீனின் விலைக்கு மேல் வரலாம்; பதினான்கு மீன்களை இழந்தவருக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

காரத்தன்மையைத் தாங்கிப் பிடிக்கக் கடல் பவளக் கல் என்று பலர் சொல்வார்கள். நமக்கு அது வேண்டாம். இங்கேயே சலவைக்கல் சில்லு இருக்கிறது, தரைக்குப் போடுவது. கல்லில் தேசிக்காய்ப் புளியை விட்டுப் பாருங்கள். நன்றாக நுரைத்தால் சுண்ணாம்புக் கல், மெதுவாக நுரைத்தால் டொலமைற்று, சும்மா கிடந்தால் பயனில்லை. இரண்டு கைப்பிடியைக் கழுவி, வலைத் துணியில் முடிந்து வடிகட்டி ஓட்டத்தில் போடுங்கள். தண்ணீர் அமிலமாகும்போது அது கொஞ்சங் கொஞ்சமாகக் கரைந்து கொடுக்கும். கவ்வாத்து வெட்டிய மலைக்குத் தோட்டத்தில் டொலமைற்றுத் தூள் போடுவதும் இதே கணக்குத்தான்; ஆனால் அந்தத் தூளைத் தொட்டியில் போட்டால் பால் மாதிரிக் கலங்கும். உடனடித் தேவைக்கு அப்பச்சோடா: 50 லீற்றருக்கு ஒரு தட்டைத் தேக்கரண்டி, அதாவது 5 கிராம் அளவு, காரத்தன்மையை (சோதனைப் பெட்டியின் காரத்தன்மை அளவில், வெப்பப் பாகையல்ல) ஏறக்குறைய மூன்று பாகை கூட்டும். மீன் இருக்கும்போது ஒரே நாளில் போடாதீர்கள். இப்போது மீன் இல்லை, தயங்காமல் போடலாம்.

அடுத்தது குளிர், அதோடு ஒட்டிய ஒட்சிசன். ஹட்டன் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,270 மீற்றர், நுவரெலியா 1,868. மேலே போகப் போகக் காற்றழுத்தம் குறையும். நுவரெலியாவில் அது கடற்கரையில் இருப்பதில் எண்பது சதவீதம்தான். தண்ணீரும் அதே விகிதத்தில் குறைந்த ஒட்சிசனைத்தான் பிடிக்கும். கொழும்பில் 26 பாகைத் தண்ணீர் லீற்றருக்கு 8 மில்லிகிராம் பிடித்தால், உங்கள் வீட்டில் 7, நுவரெலியாவில் 6.5. குளிர்ந்த தண்ணீர் இந்தக் குறையை ஈடுகட்டும். ஹீட்டர் போட்டுச் சூடாக்கினால் அந்த ஈடு போய்விடும். கொழும்பில் பதினைந்து மீன் விடும் தொட்டியில் நாம் பத்து விடுவதும், இரவில் காற்று மோட்டாரை நிறுத்தாமல் இருப்பதும் இதனால்தான்.

ஹீட்டர் பெட்டியில் "50 லீற்றருக்கு 50 வோட்" என்று எழுதியிருப்பது நம் மாதிரி வீடுகளைப் பார்க்காதவர்கள் எழுதியது. அறை 14 பாகைக்கு இறங்கும் இரவில் தொட்டியை 24இல் வைக்க வேண்டுமென்றால் அது திணறும். 50 வோட் ஹீட்டர் இரண்டு போடுங்கள். ஒன்று பழுதாகி நின்றாலும் மற்றது தாங்கும். ஒன்று அணையாமல் மாட்டிக்கொண்டாலும் மீன் அவியாது. பின்பக்கமும் இரு பக்கமும் அடியிலும் ரெஜிபோம் என்ற வெள்ளை நுரைப் பலகை வையுங்கள், மேலே கண்ணாடி மூடி. மின்வெட்டு இரவில் இது எவ்வளவு உதவும் என்பதை 2022 மார்ச் கடைசியில், நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் மின்சாரம் இல்லாதபோது கண்டுகொண்டேன். அப்போது படித்த இன்னொன்று: மூடிய வடிகட்டிப் பெட்டிக்குள் இருக்கும் ஸ்பொஞ்ச் சில மணித்தியாலத்திலேயே கெடத் தொடங்கும். மின்சாரம் நீண்ட நேரம் நின்றால் அதை எடுத்துத் தொட்டிக்குள் திறந்த தண்ணீரில் போடுங்கள். மின்சாரம் வந்ததும் பெட்டியில் தேங்கிய தண்ணீரைக் கொட்டிவிட்டு ஓட விடுங்கள்.

தண்ணீர் நிரப்பி, சலவைக்கல் போட்டு, ஹீட்டரை 27இல் வைத்து, மீன் இல்லாமலே தீனி போடத் தொடங்குங்கள். அயலவர்கள் சிரிப்பார்கள். இரண்டு நாளுக்கொரு சிட்டிகை போதும். தீனி அழுகி அமோனியா வரும்; அதைத் தின்னப் பற்றீரியா வரும். முதலில் அமோனியா ஏறி இறங்கும், பிறகு நைத்திரைற்று ஏறி இறங்கும். 27 பாகையில் நாலைந்து வாரம் எடுக்கும். ஹீட்டர் இல்லாமல் 17 பாகையில் விட்டால் அதைப்போல இரண்டு மடங்கும் எடுக்கலாம். நடுவில் எல்லாம் அசையாமல் நின்றால் பீ.எச். பாருங்கள். மலைநாட்டில் பெரும்பாலும் அது 6க்கு வந்திருக்கும். ஒரு தேக்கரண்டி அப்பச்சோடா போட்டால் மறுபடி நகரும். நண்பர் தொட்டியிலிருந்து பழைய ஸ்பொஞ்ச் துண்டு கிடைத்தால் வாரங்கள் மிச்சம். ஆனால் ஆறு மாதமாக அங்கே ஒரு மீனும் சாகவில்லை என்று அவர் சொன்னால் மட்டும் வாங்குங்கள். தீனி போட்ட மறுநாளும் அமோனியா, நைத்திரைற்று இரண்டும் பூச்சியமாக ஒரு வாரம் தொடர்ந்து நின்றால் தொட்டி தயார். அன்று பாதித் தண்ணீரை மாற்றுங்கள்.

எந்த மீன்? இங்கே நான் கொஞ்சம் பிடிவாதக்காரன். மொலி வேண்டாம். அதற்காகத் தண்ணீரை மாற்றுவதைவிடத் தண்ணீருக்கேற்ற மீனை வைப்பது மலிவு. ஹீட்டர் வாங்க வசதியில்லை என்றால் ஷீப்ரா டேனியோ, அல்லது கிடைத்தால் வைட் கிளவுட். சீன மலை ஓடை மீனான அது 16 பாகையிலும் சுறுசுறுப்பாக ஓடும். தங்க மீன் குளிரைத் தாங்கும், ஆனால் இரண்டடித் தொட்டி அதற்குச் சிறை; ஊத்தையும் அதிகம் போடும். ஹீட்டர் இருந்தால் நியோன் போன்ற சிறு டெட்ராக்களுக்கு நம் மென்மையான தண்ணீர் தாய் வீடு. கப்பி வேண்டுமே என்று வீட்டில் பிள்ளைகள் அழுதால், சலவைக்கல் இருக்கும்வரை சரி. ஏஞ்சல் இந்த ஓரடி உயரத் தொட்டியில் வேண்டாம்.

முதலில் ஆறு டேனியோ மட்டும். மூன்று வாரம் கழித்து அடுத்தவை. கண்டியிலிருந்தோ கொழும்பிலிருந்தோ பையில் வரும் மீன், ரயில் பெட்டியிலேயே குளிரில் நடுங்கி வரும். பையை ரெஜிபோம் பெட்டியில் வைத்துக் கொண்டு வாருங்கள். வந்ததும் கால் மணித்தியாலம் மிதக்க விட்டு, ஒரு வாளிக்கு மாற்றி, மெல்லிய குழாயால் தொட்டித் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக ஒரு மணித்தியாலம் விடுங்கள். பைத் தண்ணீரைத் தொட்டிக்குள் ஊற்றாதீர்கள்.

அதன் பிறகு வாரம் ஒரு வாளி, அதாவது பத்து லீற்றர் மாற்றினால் போதும். முதல் நாளே பிடித்து வைத்து, ஒரு கேத்தல் வெந்நீர் கலந்து, தொட்டியின் சூட்டுக்குக் கொண்டுவந்து ஊற்றுங்கள். ஸ்பொஞ்சை அந்த இறைத்த தண்ணீருக்குள்ளேயே இரண்டு தரம் பிழியுங்கள், குழாயடிக்குக் கொண்டுபோகாமல்.

இன்றைக்கு ஒரு வாளி பிடித்து, பிடித்த உடனே வரும் பீ.எச்., நாளைக் காலை வரும் பீ.எச். இரண்டையும் எழுதி அனுப்புங்கள். வாளித் தண்ணீரின் காரத்தன்மையையும் பார்க்க முடிந்தால் இன்னும் நல்லது. அப்பச்சோடா எத்தனை கரண்டி என்பதை அதைப் பார்த்துச் சொல்கிறேன்.